கியூவில் நிற்கிறவனின் கூலி எங்கே?

ஓட்டுச் சாவடியில் கூட்டம் நெரிந்தால் கனவான்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "படிக்காத ஜனங்கள், சின்னத்தைத் தேடவே நேரம் பிடிக்கிறது." இன்னொரு சாரார், "சீட்டு முறையில்தான் தாமதம், இயந்திரம் வந்ததும் அது தீர்ந்துவிட்டது" என்கிறார்கள். எளாவூரில் இரண்டு முறைகளிலும் சாவடி ஏஜெண்டாக உட்கார்ந்தவன் நான். இரண்டு பேச்சும் புளுகு.

1952, 1957 பொதுத் தேர்தல்களில் ஒவ்வொரு அபேட்சகருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். சீட்டை உள்ளே போட்டால் வேலை முடிந்தது. 1962 பொதுத் தேர்தலில் எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டுக்கு வந்தன. முத்திரை குத்தி மடித்துப் போட்டோம். 1996ல் மொடக்குறிச்சியில் 1033 பேர் போட்டியிட்டபோது சீட்டே புத்தகமாயிற்று! 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்தது. முறைக்கு முறை நேரம் மாறுவது மெய்தான். ஆனால் கியூ எதனால் நீளுகிறது?

2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலை எடுத்துக்கொள்வோம். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், ஜில்லாக் கவுன்சிலர் என்று ஆளுக்கு நான்கு சீட்டு. நான்கு முறை குத்தி நான்கு முறை மடிக்க வேண்டும். நேரம் அதிகம்தான். ஆனால் ஒருவர் ஒரு மறைவில் குத்தும்போதே அடுத்த மறைவில் இன்னொருவர் குத்தலாம். இயந்திரத்தில் அதற்கு வழியில்லை. ஒருவர் பொத்தானை அழுத்தி, ஒப்புகைச் சீட்டு 7 விநாடி தெரிந்து விழுந்த பிறகுதான் அடுத்தவருக்குத் திறந்துவிட முடியும். வேகமான இயந்திரம், ஆனால் வாசல் ஒன்றே!

கணக்குப் போடுங்கள், தோழர்களே. 2024 ஏப்ரல் 19 அன்று காலை 7 முதல் மாலை 6 வரை ஓட்டுப் பதிவு. 660 நிமிஷம். ஒரு சாவடிக்கு 1500 ஓட்டர்கள் வரை வைக்கலாம் என்பது அன்றைய வரம்பு. அந்த வரம்பை எட்டிய சாவடிக்கு நூற்றுக்கு எழுபது பேர் வந்தால் 1050 பேர். ஆளுக்கு 38 விநாடிகூட இல்லை! கொரோனாவுக்காக 2021ல் வைத்ததுபோல் 1000 என்று வைத்தால், ஆளுக்கு 56 விநாடி கிடைக்கும். இயந்திரம் அதேதான், ஜனங்களும் அதே ஜனங்கள்தான். மாறியது சாவடிகளின் எண்ணிக்கை மட்டுமே. 2025ல் தேர்தல் கமிஷனே வரம்பை 1200 என்று இறக்கியது. ஜனங்களின் படிப்பறிவு பார்த்தா இறக்கினார்கள்?

ஜனங்கள் நிமிஷத்துக்கு ஒருவராக அளந்து வருவதுமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர்கள் விடியற்காலையிலேயே மொய்க்கிறார்கள். ஒரு தேர்தலில், காண்டிராக்ட் கூலிப் பெண் ஒருத்தி முக்கால் மணி நேரம் நின்றாள். கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. "சாயங்காலம் வர்றேன் அண்ணா" என்று ஓடினாள். திரும்பி வந்தபோது மணி ஆறு தாண்டிவிட்டது. ஆறு மணிக்குக் கியூவில் நின்றவர்களுக்கெல்லாம் டோக்கன் உண்டு, அவளுக்கு இல்லை. அவளுடைய ஓட்டைப் பறித்தது சீட்டா, இயந்திரமா? ஷிப்டு!

ஓட்டு நாளில் சம்பளத்துடன் லீவு என்பது 1996 முதல் சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு தினக் கூலிக்காரருக்கும் அன்றைய கூலி உண்டு என்கிறது. மீறுகிற முதலாளிக்கு என்ன தண்டனை தெரியுமா? 500 ரூபாய் வரை அபராதம்! லட்சம் லட்சமாய் லாபம் பார்க்கிறவனுக்கு இது வெற்றிலை பாக்குச் செலவு.

ஜனநாயகத்தின் காவலன் என்று மார்தட்டும் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஓட்டு நாள் செவ்வாய்க்கிழமை. நாடு தழுவிய லீவு கிடையாது. கறுப்பு மக்கள் வாழும் பேட்டைகளில் கியூ மணிக்கணக்கில் நீண்டிருக்கிறது. 2021ல் ஜார்ஜியா மாகாணம் அந்தக் கியூவில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதையே குற்றமாக்கிச் சட்டம் செய்தது. வேறு நாடு, வேறு இயந்திரம்; வெயிலில் காய்கிற வர்க்கம் ஒன்றே.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் சிப்காட்டில் உழைக்கிற தோழர்களுக்குக் கியூவே இல்லை. அவர்கள் ஓட்டு ஆயிரம் மைல் தள்ளி ஊரில் கிடக்கிறது.

பழைய பெட்டியைத் திருப்பித் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. தொழிலாளர் குடியிருப்புச் சாவடிகளில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்க்காதே! சம்பள லீவு அறிவிப்பைக் காண்டிராக்டர் பெயருடன் ஒவ்வொரு கேட்டிலும் ஒட்டு! 500 ரூபாய் அபராதத்தைத் திருத்து! இதுவே கோரிக்கை.

சாவடிப் பட்டியல் தேர்தலுக்கு முன்பே வெளியாகிறது. ஆட்சேபணை சொல்ல இடமுண்டு. அந்த நாளில் மனுவோடு நில்லுங்கள். அன்று ஒரு மணி நேரம் நின்றால், ஓட்டு நாளில் ஊரே வெயிலில் நிற்க வேண்டியிராது.