மை வேறானால் போலியா?

பழைய ரோலெக்ஸ் டயலில் ‘டிஃபனி அண்ட் கோ’ என்ற எழுத்து மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றால் அது போலி என்று தீர்ப்பே எழுதிவிட்டார், போலிக் கடிகாரங்களைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். மை வேறு, கனம் வேறு, ஆகவே மோசடி. கணக்கு நேராகத்தான் இருக்கிறது, வரலாறுதான் இடிக்கிறது.

நகைக்கடையான டிஃபனி, தான் விற்ற பல கடிகாரங்களில் தன் பெயரை நியூயார்க்கிலேயே அச்சிட்டது. சுவிட்சர்லாந்திலிருந்து முழுதாக முடிந்து வந்த டயலில் பிறகு ஏறிய மை, ஆலை மையோடு எப்படி ஒன்றும்? ஆலையே கடைப் பெயரை அச்சிட்டுக் கொடுத்ததும் உண்டு. எனவே வேற்றுமை மட்டும் எதையும் நிரூபிக்காது. எல்லா எழுத்தும் புத்தம்புதுசாக ஒன்றிப்போயிருந்தால்தான் எனக்கு உறுத்தும்: டயலையே மறுபடி பூசிவிட்டார்களோ?

லென்ஸை வைத்து லாக்கர் பூச்சின் வெடிப்பைப் பாருங்கள். வெடிப்பு எழுத்தைப் பிளந்து போனால் எழுத்து முந்தியது. மை வெடிப்புக்குள் இறங்கியிருந்தால், விரிசல் விட்ட பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள். இந்த ஒரு சோதனையைக்கூட அவர் சொல்லவில்லை.

சந்தேகம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. 2021 டிசம்பரில் டிஃபனி பெயர் தாங்கிய பட்டேக் ஃபிலிப் 5711 ஒன்று ஏலத்தில் சுமார் 65 லட்சம் டாலருக்குப் போனது. அது புதுக் கடிகாரம்தான். ஆனாலும் அந்த விலையைப் பார்த்தபின் பழைய டயல்மேல் ஒரு வரி அச்சடிக்க எத்தனை கை துறுதுறுக்கும்! அந்தக் கைகளைப் பிடிக்கத்தான் லென்ஸ். கட்டுரையாளரின் விதியோ நியூயார்க் கடைக்காரரையும் சேர்த்துப் பிடிக்கிறது.