நமது இல்லமும் நலமும்: பாத எரிச்சல்

நம் தாயாருக்கு ஈராண்டுகளாகப் பாதங்களில் எரிச்சல், பின்னர் மதமதப்பு. இங்கு நாகபுரியில் பார்த்த வைத்தியர்கள் சர்க்கரை நோயின் விளைவு என்றனர். நாமும் நம்பியிருந்தோம். மதமதப்புக்கு இந்தியில் 'சுன்' என்பார்கள் என அறியாது, 'தர்த்', அதாவது வலி, என்றே சொல்லிவந்தது நம் பிழை. குளியலறையில் தாயார் தடுமாறி விழுந்த பின்னரே நரம்பியல் நிபுணரை நாடினோம்.

அவர் முதலிற் கேட்டது, உட்கொள்ளும் மருந்துகள் யாவை, எத்தனை ஆண்டுகளாக என்பதே. திருச்சியில் எழுதிய பழைய சீட்டு முதலாக யாவற்றையும் கோப்பாகக் கட்டிச் சென்றிருந்தோம். (குமாஸ்தா உத்தியோகம் வீட்டிற்கு உதவியது இஃதொரு முறைதான்!) மெட்பார்மின், 11 ஆண்டுகள். அம்மாத்திரையை நெடுநாள் உண்போர் சிலருக்கு வைட்டமின் பி12 உடலிற் சேர்வது குறையுமாம். நம்மைப்போல் மரக்கறி உண்போர்க்குக் குறைவு எளிதில் நேரும். சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறும் இவ்வாறே தோன்றுவதால் இது மறைந்துகிடக்கிறது. இரத்தப் பரிசோதனை ஐயத்தைத் தீர்த்தது.

மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லி, பி12 ஊசி போட்டார். மூன்று திங்களில் எரிச்சல் தணிந்தது. நெடுநாள் நலிந்த நரம்பு முழுதும் மீள்வது அரிதாம். இடக்கால் விரல்களில் மதமதப்பு இன்னும் உளது.