பட்டா இல்லாத சொத்து

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வந்திருந்தான். ப்ளஸ் ஒன். நேரே என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஸ்டீமில் நான் சேர்த்து வைத்திருக்கும் 63 கேம்களையும் ஒரு நோட்டம் விட்டான்.

''எல்லாம் ஆடிட்டீங்களா மாமா?''

''ஒரு பதினொண்ணு...''

மிச்சமெல்லாம் தள்ளுபடியில் வாங்கியது. அம்மாவின் ஆடித் தள்ளுபடிப் புடவைகள் மாதிரி. (புடவையையாவது அக்கா கட்டிக்கொண்டு போய்விடுவாள்.)

''அப்ப ஒண்ணு குடுங்க. ஆடிட்டுத் திருப்பித் தரேன்.''

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரே வீட்டில் இருக்கும் குடும்பம் என்றால் பகிர்ந்துகொள்ள ஸ்டீம் வழி வைத்திருக்கிறது. அக்கா தாம்பரம், நான் வில்லிவாக்கம். நான் ஸ்கூல் படித்தபோது ஒரு சிடி எட்டு வீடு சுற்றிவிட்டுக் கீறலோடு திரும்பி வரும். அந்தக் கீறலுக்கு இப்போது ஏங்குகிறேன்.

அமெரிக்காவின் வால்வ் கம்பெனி 2003 செப்டம்பரில் ஸ்டீமை ஆரம்பித்தது. அடுத்த வருஷம் நவம்பரில் 'ஹாஃப் லைஃப் 2' வந்தது. கடையில் காசு கொடுத்து டிஸ்க் வாங்கி வந்தாலும், இன்டர்நெட்டில் ஸ்டீம் கணக்கு தொடங்கி அனுமதி வாங்கினால்தான் ஆட முடியும். ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். பிறகு தள்ளுபடி வந்தது. வாய் அடைத்துவிட்டது.

டி.வி.யில் மாட்டி ஆடும் கன்சோல்காரர்கள் அவ்வளவு சாதுக்கள் இல்லை. 2013-ல் மைக்ரோசாஃப்ட், 'புது எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இன்டர்நெட்டைத் தொட வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றவும் கட்டுப்பாடு உண்டு' என்றது. அந்த ஜூனில் சோனி ஒரு குட்டி வீடியோ விட்டது: 'ப்ளேஸ்டேஷனில் கேமை நண்பனுக்குக் கொடுப்பது எப்படி?' ஒருத்தர் டப்பாவை நீட்டுகிறார். இன்னொருத்தர் வாங்கிக்கொள்கிறார். முடிந்தது! பத்து நாளுக்குள் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

அவர்கள் பத்து நாளில் துரத்தியதை நாங்கள் பி.சி.யில் ஒன்பது வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தோம். ஆனால் கடைசியில் ஜெயித்தது யார் தெரியுமோ? 2020-ல் சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டுமே டிஸ்க் போட வாயே இல்லாத மாடல்களை விற்றன. யாரும் கொடி பிடிக்கவில்லை.

பி.காம்.மில் வாத்தியார் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: உள்ளே வருவதை டெபிட் பண்ணு, வெளியே போவதை கிரெடிட் பண்ணு. காசு வெளியே போனது நிச்சயம். உள்ளே என்ன வந்தது? ஸ்டீம் ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தால், விற்கவில்லை, ஆட உரிமம் மட்டும் தருகிறோம் என்று இருக்கிறது. ஆக, இது சொத்துக் கணக்கில் வராது ஸார். வாடகைக் கணக்கு.

வீட்டுக்காரர் எப்போது காலி பண்ணச் சொல்வார் என்பதற்கு 'தி க்ரூ' ஒரு உதாரணம். யூபிசாஃப்ட் 2014-ல் வெளியிட்ட கார் ரேஸ் கேம். 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்தவர்கள் வீட்டில் டிஸ்க் இருந்தது; கேம் இல்லை. தனியாளாகக்கூட ஓட்ட முடியாது.

அதே வருஷம் கலிஃபோர்னியாவில் சட்டம் போட்டார்கள். வெறும் உரிமத்தை விற்றுவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று பட்டன் வைக்கக்கூடாது. 2025-லிருந்து அமல். ஸ்டீம் முந்திக்கொண்டு, 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் இடத்தில் 'இது உரிமம்தான்' என்று ஒரு வரி போட்டது. அந்த வரியைப் பார்த்த பிறகும் நான் இரண்டு வாங்கினேன். 75 சதவீதத் தள்ளுபடி, என்ன செய்ய?

போலந்துக்காரர்களின் ஜி.ஓ.ஜி. என்ற கடையில் பூட்டு இல்லாத ஃபைலாகவே தருகிறார்கள். நம் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்துக்கொண்டால், கடையே மூடினாலும் ஓடும். அங்கே என் கையிருப்பு இரண்டே இரண்டு.

இவ்வளவையும் அக்கா பையனுக்கு விளக்கினேன். பஜ்ஜி சாப்பிட்டபடி கேட்டான்.

''அப்ப உங்களுக்கு அப்புறம் இது யாருக்கு மாமா?''

''யாருக்கும் இல்லைடா. கணக்கை வேற யார் பேருக்கும் மாத்தக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு.''

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

''பாஸ்வேர்டை மட்டும் எங்கயாவது எழுதி வைங்க மாமா.''