ஆறு டெசிபெல் எங்கே போனது?

போன ஞாயிறு இரவு பத்தரை மணிக்குச் சித்தி மகனிடமிருந்து அழைப்பு. பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவன். “அக்கா, நீங்க ரேடியோவுலதானே வேலை செய்றீங்க? ஒரு சந்தேகம்,” என்றான். ரேடியோவில் பேசுவது வேறு, ரேடியோ செய்வது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை.

100 மெகாஹெர்ட்ஸில், அதாவது பண்பலை வரிசையில், வேலை செய்யும் சிறிய பெருக்கி ஒன்றைக் கணினியில் சிமுலேஷன் செய்திருக்கிறான். ஆசிரியர் கேட்டது 20 டெசிபெல். மின்னழுத்தக் கணக்கில் பத்து மடங்கு. ‘எஸ்21’ என்ற அளவு சரியாக 20 காட்டுகிறது. ஆனால், வெளியே வரும் மின்னழுத்தத்தை மூலத்தின் மின்னழுத்தத்தால் வகுத்தால் 14தான் வருகிறது.

“செவ்வாய்க்கிழமை கொடுக்கணும்க்கா. இன்னொரு டிரான்சிஸ்டர் போட்டுடவா? இல்ல, 20ஐ மட்டும் காட்டிட்டு 14ஐ மறைச்சிடவா?”

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் நிலையத்தின் பொறியாளர் அண்ணனிடம் கேட்டேன். “ரெண்டுமே சரிதான்மா,” என்று சிரித்தார். “உங்கம்மா பத்து வெள்ளி கொடுக்கிறாங்க. வழியில பஸ்ஸுக்கு அஞ்சு போயிடுது. மிச்சம் அஞ்ச வச்சு வியாபாரம் செஞ்சு அம்பது ஆக்குற. அஞ்சு மடங்கா, பத்து மடங்கா?”

அம்மாவின் கையிலிருந்து பார்த்தால் ஐந்து மடங்கு. கடை வாசலிலிருந்து பார்த்தால் பத்து.

சிமுலேஷனில் வரும் மூலத்துக்குள்ளேயே 50 ஓம் மின்தடை இருக்கிறது. தம்பியின் பெருக்கிக்கும் உள்நுழைவில் 50 ஓம். இரண்டும் சமமாகப் பங்கு போட, வாசலுக்கு வந்து சேர்வது பாதி மின்னழுத்தம். பாதி என்றால் 6 டெசிபெல் குறைவு. எஸ்21 அந்த ‘பஸ் காசை’ முன்பே கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறது.

நேராக மின்னழுத்தத்தையே அளந்தால் என்ன? 100 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சுமார் 12 சென்டிமீட்டர். ஒரே கம்பியில் இடத்துக்கு இடம் மின்னழுத்தம் மாறும். அதனால் பொறியாளர்கள் அலையைப் பார்க்கிறார்கள்: வாசலில் மோதித் திரும்புவது எவ்வளவு என்பது எஸ்11, உள்ளே புகுந்து மறுபக்கம் வருவது எவ்வளவு என்பது எஸ்21. ஜப்பானியப் பொறியாளர் குரோகாவா 1965இல் எழுதிய கட்டுரை இந்தக் கணக்கில் இன்றும் பேசப்படுகிறது.

“ஆனா எப்பவும் வாசல்ல அளந்தா சரியா வந்துடும்னு நினைக்காதே,” என்றும் அண்ணன் எச்சரித்தார். உள்நுழைவு மின்தடை மிக அதிகமாக உள்ள சுற்றில் வாசலில் எதுவும் குறையாது. அங்கே வாசலில் அளந்தாலும் விடை எஸ்21ஐவிட 6 டெசிபெல் குறைவாகவே வரும். முதலில் எஸ்11ஐப் பார்க்க வேண்டும்.

அன்றிரவு தம்பியிடம் பத்து வெள்ளிக் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்போ என் சர்க்யூட் நல்லாத்தான் இருக்கா?” என்றான். அந்தக் குரலை ஒலிபரப்பியிருக்கலாம்.

டிரான்சிஸ்டர் சேர்த்திருந்தால் நன்றாக இருந்த சுற்றைக் கெடுத்திருப்பான். 14ஐ மறைத்திருந்தால் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே நின்றிருப்பான். இரண்டு எண்களையும் எழுதி, எங்கிருந்து எங்கே அளந்தது என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்துவிட்டான். மதிப்பெண் இன்னும் வரவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு விடைகளோடு வந்து நின்றால், ‘எது சரி?’ என்று கேட்பதற்கு முன், ‘எங்கிருந்து அளந்தாய்?’ என்று கேட்டுப் பார்ப்போமே.