டோட்டோரோவைத் தேடுறவங்க பாட்டியைப் பார்க்கிறதில்லை

ஜப்பானுக்குச் சுற்றுலா போற நம்ம பட்டணத்துப் பிள்ளைகள் சிலர், கோயில் கோட்டையெல்லாம் விட்டுட்டு அனிமேஷன் படத்துல வந்த இடங்களைத் தேடிப் போறாங்க. அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு படம் மனசுக்குப் பிடிச்சா, அது பிறந்த மண்ணை மிதிச்சுப் பார்க்கணும்னு தோணுறது நல்ல ஆசைதான். திரும்பி வந்து எழுதுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஒத்துக்கலை. "மனுசன் கை படாத காடு", "அப்படியே விட்டு வச்ச இயற்கை". இதைப் படிச்சாலே எனக்குச் சுருக்குன்னு இருக்கு.

1988-ல மியாசாக்கி எடுத்த 'மை நெய்பர் டோட்டோரோ' படத்தை எடுத்துக்குவோம். பேத்தி புண்ணியத்துல நானும் பலமுறை பார்த்தாச்சு. டோக்கியோவுக்கும் சைத்தாமா மாவட்டத்துக்கும் நடுவுல இருக்கிற சயாமா குன்றுகள்தான் அந்தக் கதைக்கு முக்கியமான ஊற்று. பக்கத்து ஊர் தொக்கோரோசாவாவுலதான் மியாசாக்கி குடியிருக்கார். அங்க போறவங்க ஓக் மரக்காட்டைப் பார்த்துட்டு, ஆதிகாலத்துல இருந்து தானா நிக்குதுன்னு நினைச்சுக்கிறாங்க.

தானா நிக்கலைங்க. அது விவசாயி வளர்த்த காடு. விறகுக்கும் கரிக்கும் பதினைஞ்சு இருபது வருசத்துக்கு ஒருமுறை மரத்தை அடியோட வெட்டுவாங்க. நம்ம மறுதாம்புக் கரும்பு மாதிரி, வெட்டின கட்டையில இருந்து புதுத் தளிர் கிளம்பும். அதுல நல்லதை விட்டுட்டு மிச்சத்தைக் கழிப்பாங்க. அடியில மண்டுற குத்து மூங்கிலை அறுப்பாங்க. உதிர்ற சருகைக் கூட்டி மக்க வச்சு எருவாக்குவாங்க. அதனாலதான் உள்ள வெயில் விழுந்தது, பூ பூத்தது, குழந்தைங்க ஓடியாட முடிஞ்சது. 1950, 60-கள்ல கேஸ் அடுப்பும் ரசாயன உரமும் வந்த பிறகு வெட்ட ஆள் போகலை. கை படாம விட்ட காடெல்லாம் புதர் மண்டி இருண்டு போச்சு. நீங்க போட்டோ எடுக்கிற அந்தப் பளிச்சுனு இருக்கிற பாதையில இன்னைக்கும் யாரோ அரிவாள் பிடிக்கிறாங்கன்னு அர்த்தம்.

அந்தக் குன்றுகளுக்குக் கொஞ்ச தூரத்துல சாந்தோமே பகுதி இருக்கு. எரிமலைச் சாம்பல் மண்ணு; காத்தடிச்சா மண்ணே பறந்துடும். 1690-கள்ல அங்க குடியேறினவங்களுக்கு நிலத்தை நீள நீளப் பட்டியாப் பிரிச்சுக் கொடுத்தாங்க. ரோட்டோரம் வீடு, பின்னாடி புஞ்சை, கடைசியில காடு. காட்டுச் சருகு எருவாகி புஞ்சைக்குப் போகும். முன்னூறு வருசத்துக்கு மேல ஆகியும் அந்தச் சருகு எருவுல சர்க்கரைவள்ளி விளையுது. 2023-ல ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பு இதை உலக வேளாண் பாரம்பரியமா அறிவிச்சது. படத்துல வந்த இடம்னு தேடிப் போறவங்கள்ல எத்தனை பேர் இந்தப் புஞ்சைப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பாங்க?

படத்தையே இன்னொரு தடவை கவனிச்சுப் பாருங்க. சின்னப் பொண்ணு மேய் காணாமப் போனப்ப, அவ செருப்போன்னு பயந்து குளத்துல இறங்கித் தேடினது யாரு? ஊர்க்காரங்க. ஆஸ்பத்திரியில கிடக்கிற அம்மாவுக்குக் கொடுக்கணும்னு அவ கட்டிப் பிடிச்சுட்டுப் போன மக்காச்சோளம் யார் தோட்டத்துது? பக்கத்து வீட்டுப் பாட்டி தோட்டத்துது. டோட்டோரோ பொம்மையை எல்லாரும் வாங்கிட்டு வர்றீங்க. அந்தப் பாட்டியை ஒருத்தரும் தேடுறதில்லை.

இதே ஜிப்லி கம்பெனியில தக்காஹாட்டா 1991-ல எடுத்த 'ஒன்லி யெஸ்டர்டே' இதை நேராவே சொல்லுது. டோக்கியோ ஆபீஸ்ல வேலை பார்க்கிற பொண்ணு லீவு போட்டுட்டு யமகத்தா மாவட்டத்துக்குக் குசும்பாப் பூப் பறிக்கப் போறா. பனி காயுறதுக்குள்ள விடிகாலையிலேயே பறிக்கணும். வெயில் ஏறிட்டா முள்ளு கையைக் கிழிக்கும். கிராமம்னா இயற்கைன்னு அவ உருகும்போது, அந்த ஊர் விவசாயி ஒருத்தன் சொல்றான்: காடு, ஓடை எல்லாமே மனுசன் உழைச்சு உண்டாக்கினதுதான்னு. அவ்வளவுதாங்க விசயம்.

"ரசிகர்கள்தானே அந்தக் காட்டைக் காப்பாத்தினாங்க?"ன்னு நீங்க கேக்கலாம். உண்மைதான். பிளாட் போடுறவங்க கைக்குப் போகாம இருக்க, 1990-ல டோட்டோரோ பேர்லயே நிதி ஆரம்பிச்சாங்க. நாட்டு மக்கள் அனுப்பின பணத்துல 1991-ல முதல் துண்டு நிலத்தை வாங்கினாங்க. இன்னைக்கு அது அம்பது துண்டுக்கு மேல. பணம் போட்டவங்களையும், குளிர்ல வந்து புதர் வெட்டுற தன்னார்வலர்களையும் கையெடுத்துக் கும்பிடறேன். அவங்க அழகுக்கு உண்டான விலையைக் கொடுத்தவங்க. என் சண்டை, ஒண்ணும் கொடுக்காம போட்டோ மட்டும் எடுத்துட்டு "எவ்வளவு அமைதி"ன்னு எழுதுறவங்களோட.

இது எனக்கு ஏன் உறைக்குதுன்னா, நம்ம பக்கமும் இதே கதைதான். என் ரெண்டரை ஏக்கர் பச்சையா இருக்கும்போது காரை நிறுத்தி வரப்புல நின்னு படம் எடுக்கிறாங்க. அதே ஆளு சந்தையில கத்தரிக்காய்க்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்றார். அந்த அஞ்சு ரூபாய்லதாங்க வரப்பு நிக்குது. அது கட்டுப்படி ஆகலைன்னா அடுத்த வருசம் அங்க வரப்பு இருக்காது, மனைக்கல்தான் இருக்கும்.

சயாமாவுக்குப் போங்க, தாராளமாப் போங்க. அந்த ஊர்த் தேயிலையை, சர்க்கரைவள்ளியை விளைவிக்கிறவங்ககிட்டயே காசு கொடுத்து வாங்குங்க. காடு வாங்குற நிதியில ஒரு சின்னத் தொகை போடுங்க. செல்போனைத் தூக்குறதுக்கு முன்னாடி, இந்தப் புதரை யார் வெட்டுறா, இந்தச் சருகை யார் கூட்டுறான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்தக் கேள்வியை மட்டும் ஊருக்குத் திரும்பும்போது மறக்காம எடுத்துட்டு வாங்க. இங்கயும் அதைக் கேட்க நிறைய இடம் இருக்கு.