நாற்பது சென்டிமீட்டரில் ஏழு மலை

சென்ற மாதம் நம் கூட்டத்துக்கு நான் தூக்கிக்கொண்டு வந்த மரப்பெட்டியைப் பற்றி நண்பர்கள் இருவர் சொன்ன அபிப்பிராயங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொந்தப் பிள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று ஆகிவிடும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர்கள் தீர்ப்பு பெட்டியோடு நிற்கிற விஷயமில்லை என்று பட்டது. நம் பத்திரிகையில் பத்து வருஷமாக விமர்சனம் என்ற பெயரில் நடந்துவருவதும் அதே தீர்ப்புத்தான்.

மூத்தவர், கவிஞர், பெட்டியின் துவாரத்தில் ஒரு கணம் கண்ணை வைத்தார். உடனே மூடியைத் திறந்து மேலிருந்து எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா? ஒரு இடத்தில் நின்று பார்த்தால் மலை. தலையை நகர்த்தினால் தெர்மாகோல். இது கண்கட்டு வித்தை ஐயா, கலையில்லை" என்றார். இளையவர் துவாரத்தின் பக்கமே வரவில்லை. "நாடு இருக்கிற இருப்பில் இல்லாத மலைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பெட்டிக்குள் இருப்பது எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. அரக்கனின் உயிர் அவன் உடம்பில் இல்லை. ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு மரத்தில் தொங்கும் கூண்டில், ஒரு கிளிக்குள் இருக்கிறது. இளவரசன் கரையில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். மேல்நாட்டில் இந்த மாதிரிச் சிறு உலகங்களை டயோராமா என்கிறார்கள். 1822இல் பாரிஸில் தாகேர் பிரம்மாண்டமான திரைச்சீலைகளையும் மாறும் வெளிச்சத்தையும் வைத்து நடத்திய காட்சிசாலையின் பெயர் அது. பிற்பாடு மேஜையளவுக்கு இறங்கிவந்துவிட்டது. அருகில் உள்ளதைப் பெரிதாகவும் தொலைவில் இருக்கவேண்டியதைச் சிறிதாகவும் செய்து, இல்லாத தூரத்தை இருக்கச் செய்வதற்கு ஃபோர்ஸ்டு பர்ஸ்பெக்டிவ் என்று பெயர். நெருக்கிய தூரம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் கொடுக்கட்டும்.

வித்தை என்று சொல்லிவிட்டால் கணக்கைப் பார்க்கவேண்டியதில்லை என்ற சௌகரியம் இருக்கிறது. எனவே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். துவாரத்திலிருந்து இளவரசன் 40 செ.மீ. தள்ளி நிற்கிறான். அவனுக்கு அப்பால் பின்சுவர் இன்னும் 40 செ.மீ. அவன் உயரம் 54 மி.மீ.; அதாவது நிஜ மனிதனில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அந்த அளவையில் அவன் நம்மிடமிருந்து சுமார் 13 மீட்டரில் நிற்பதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. பின்சுவர் 1,600 மீட்டரில் இருப்பதாகத் தெரியவேண்டும் என்று தீர்மானித்தேன். அப்படியானால் அங்கே அளவை இரண்டாயிரத்தில் ஒன்று. 80 மீட்டர் உயரக் குன்று 4 செ.மீ.; 10 மீட்டர் மரம் 5 மி.மீ. அடிவானம் கண் மட்டத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே இளவரசன் காலடியில் அடிவானத்துக்கு 5 செ.மீ. கீழே தொடங்கும் தரை, பின்சுவரை அடையும்போது அதற்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கீழே இல்லாதபடி ஏறிவந்துவிடவேண்டும். தரை என்று நாம் பார்ப்பது ஒரு சரிவுப் பலகை.

பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தபோது என்னைத் திகைக்கவைத்த இடம் இதற்கு அப்புறம்தான் வந்தது. இளவரசனுக்குப் பின்னால் உள்ள 40 செ.மீ.யில் முதல் பாதி, அதாவது 20 செ.மீ., நம்மிடமிருந்து 38 மீட்டர் தூரம் வரைக்குமே போதுகிறது. மிச்சப் பாதியில் ஒன்றரைக் கிலோமீட்டர் அடங்கவேண்டும். அதிலும் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் மட்டும் 1,200 மீட்டர். முதல் மலையும் முதல் கடலும் உள்ளங்கை அகலம் எடுத்துக்கொண்டன. ஐந்தாவது, ஆறாவது மலைகள் தபால் அட்டையை வெட்டி ஒட்டிய மாதிரி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நகம் நுழையாத இடைவெளியில் நிற்கின்றன. ஏழாவது சுவரில் தீட்டியது. மூடியைத் திறந்து மேலிருந்து பார்த்த கவிஞருக்கு இந்த நெருக்கடிதான் தெரிந்தது. அதைக் குட்டு உடைந்தது என்று எடுத்துக்கொண்டார். அரங்கின் பின்கட்டுக்குள் நுழைந்து, கம்பமும் கயிறும் இருப்பதைக் கண்டுபிடித்து, நாடகம் பொய் என்று வெளியே வந்து அறிவிக்கிற ஆள் என்னவென்று சொல்லத்தக்கவர் என்பதை அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

வண்ணம் பூசினதில்தான் எனக்கு அடி அதிகம். முதலில் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அடித்தேன். அதிலிருந்த திரவம் மூன்றாவது மலையை உட்கார்ந்த இடத்தில் தின்றுவிட்டது. தெர்மாகோலுக்கு அது விஷம் என்பது இந்த வேலை தெரிந்த எவனுக்கும் தெரியும். பிறகு ஃபெவிகாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் குழைத்து மேலே பூசி, காயவைத்து, அக்ரிலிக்கில் தொடங்கினேன். முதல் மலைக்குப் பழுப்பு, இடுக்குகளில் தண்ணீராய்க் கரைத்த கறுப்பு, முனைகளில் உலர்ந்த பிரஷ்ஷால் வெளிறிய மஞ்சள். பார்க்க நன்றாகவே இருந்தது. அதே உற்சாகத்தில் ஏழாவது மலைக்கும் பாறை விளிம்பு விளிம்பாக இழைத்துவிட்டேன். துவாரத்தில் கண்ணை வைத்தேன். ஏழாவது மலை முதல் மலைக்கு முன்னால் வந்து நின்றது.

மூன்று தடவை அழித்தேன். தூரம் போகப்போகக் கறுப்பை எடுத்துவிடவேண்டும். வெள்ளையும் துளி நீலமும் கூட்டவேண்டும். நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துகொண்டே போகவேண்டும். ஏழாவது மலை வானத்திலிருந்து கொஞ்சம் மட்டும் பிரிந்து நிற்கவேண்டும். கரையில் ஆற்று மணல், அடுத்த கரையில் சலித்த மணல், அதற்கடுத்து பொடி, பிறகு வெறும் வண்ணம். தெரிந்ததையெல்லாம் செய்யாமல் கையைக் கட்டிக்கொள்வது எவ்வளவு சிரமம் என்று அப்போது தெரிந்தது. சென்ற இதழில் வந்த கதையில் ஐந்து பக்கம் தள்ளி, ஒரு தடவை மட்டும் பஸ்ஸில் ஏறி இறங்குகிற ஆளின் சட்டைப் பொத்தான் வரைக்கும் நமக்கு வர்ணித்துக் காட்டப்படுகிறது. யதார்த்தம் என்று அதைக் கொண்டாடினோம். அங்கேயும் ஏழாவது மலை முன்னால் வந்து நிற்கிறது. ஒருவருக்கும் உறுத்தவில்லை.

வெளிச்சம் இன்னொரு கதை. ஒரே பல்பு போட்டபோது ஆறாவது மலையின் நிழல் வானத்தில் விழுந்தது. ஒரு கிலோமீட்டர் அந்த நிழலில் செத்துப்போயிற்று. வானத்துக்குத் தனி விளக்கு வைக்கவேண்டியதாயிற்று.

இனி, ஒரே இடத்திலிருந்துதான் தெரிகிறது என்ற குற்றச்சாட்டு. ரோமில் ஸ்பாதா மாளிகையில் போரோமினி 1650களில் கட்டிய தூண் வரிசை இருக்கிறது. நிஜ நீளம் ஒன்பது மீட்டர்கூட வராது. பார்க்கிறவனுக்கு அதைப்போல் நாலு மடங்கு தெரிகிறது. தரை ஏறுகிறது, கூரை இறங்குகிறது, தூண்கள் குட்டையாகிக்கொண்டே போகின்றன. அப்பால் வெளிச்சத்தில் ஆள் உயரத்தில் நிற்பதாகத் தோன்றும் சிலை 60 செ.மீ. ரெம்பிராண்ட்டிடம் பயின்ற ஹூக்ஸ்ட்ராட்டென், சுமார் 1655-60இல் செய்த பெட்டி ஒன்று லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது. இரண்டு துவாரங்கள், எதில் கண்ணை வைத்தாலும் டச்சு வீட்டின் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திறக்கின்றன. வேறு கோணத்தில் பார்த்தால் நாற்காலி தரையிலிருந்து சுவர்மேல் ஏறிக் கோணிக்கொண்டு கிடக்கும்.

இதெல்லாம் பழைய சங்கதி, நாம் நவீனர்கள் என்று சொல்லப்படலாம். சரி. 1917இல் மூத்திரப் பீங்கானைக் கண்காட்சிக்கு அனுப்பிய மார்சல் துஷாம்பை நம் கூட்டத்தில் மாதம் ஒருமுறையாவது யாராவது இழுக்காமல் இருப்பதில்லை. கவிஞர் அடிக்கடி இழுப்பார். அந்த மனிதர் 1946 முதல் 1966 வரை இருபது வருஷம் யாருக்கும் தெரியாமல் நியூயார்க்கில் என்ன செய்துகொண்டிருந்தார்? ஒரு டயோராமா. அவர் இறந்த அடுத்த வருஷம், 1969இல், ஃபிலடெல்ஃபியா மியூசியத்தில் வைத்தார்கள். ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த பழைய மரக்கதவு, அதில் இரண்டு துவாரம். உள்ளே சுள்ளிமேல் ஓர் உடம்பு, கையில் விளக்கு, பின்னால் மலைச்சரிவும் மினுங்குகிற நீர்வீழ்ச்சியும். பார்வையாளர் கதவைத் திறக்க முடியாது, பக்கவாட்டில் போக முடியாது. அதை எப்படிப் பிரித்துப் பூட்டுவது என்று கைப்பட ஒரு கையேடும் எழுதிவைத்துவிட்டுப் போனார். மூத்திரப் பீங்கானை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தக் கதவுவரை வரமாட்டேன் என்கிறார்கள். வந்தால் குனிந்து கண்ணை வைக்கவேண்டியிருக்கும்.

ஆனால் கவிஞர் சொல்லாத, சொல்லியிருக்கவேண்டிய ஓர் ஆட்சேபம் இருக்கிறது. அதை நானே சொல்கிறேன். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியின் அரண்மனை அரங்குகளில் காட்சியின் பர்ஸ்பெக்டிவ் பிரபுவின் ஆசனத்திலிருந்து பார்த்தால்தான் முழுக்கச் சரியாக அமையும். 1638இல் மேடை நிர்மாணம் பற்றிப் புத்தகம் போட்ட சப்பாத்தினி, பிரபுவின் ஆசனத்தை எங்கே போடுவது என்பதற்கும் விதி எழுதியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு உலகம் கொஞ்சம் கோணல். ஓரத்தில் இருப்பவனுக்கு ரொம்பக் கோணல். சரியான இடம் ஒன்றுதான், அது ஒருவனுக்குத்தான் என்கிற அரசியல் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. இதை மறுக்க முடியாது. என் துவாரத்திலும் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் பார்க்க முடியும்.

மறுக்க முடியாது என்றாலும், அதற்கு முன்னாலேயே வேறு விதமாகச் செய்தவர்கள் இருந்தார்கள். வடக்கு இத்தாலியில் விசென்சா ஊரில் பல்லாடியோ தொடங்கிய அரங்கு அவர் 1580இல் இறந்த பிறகு முடிந்தது. கட்டச் சொன்னது பிரபு இல்லை. ஊரில் படித்தவர்கள் சேர்ந்து நடத்திய ஓர் அகாதெமி. 1585இல் ஈடிபஸ் நாடகத்தோடு திறந்தபோது, மேடைக்குப் பின்னால் தீப்ஸ் நகரத் தெருக்களை மரத்திலும் சாந்திலும் ஸ்கமோட்ஸி நெருக்கிய தூரத்தில் கட்டியிருந்தார். ஒரு தெரு இல்லை, ஏழு தெரு. அரைவட்டத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு தெருவுக்குள் பார்வை போகும். அந்தத் தெருக்கள் இன்றும் அங்கேதான் நிற்கின்றன. தெருவுக்குள் நடிகன் பின்னோக்கி நடந்து போனால் வீட்டுக் கூரையளவுக்கு வளர்ந்துவிடுவான் என்பது வேறு விஷயம்.

நிற்கிற இடத்தை மறைக்கிறவன்தான் எனக்குச் சந்தேகத்துக்குரியவன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சரியாக இருக்கிற கவிதை என்று நம் கவிஞர் எழுதிவருகிறாரே, அவற்றில் பேசுகிற குரல் எந்தத் தெருவில், எந்த வீட்டுத் திண்ணையில் நின்று பேசுகிறது? அவருக்கே தெரியாது. பிரபுவின் ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆசனம் தெரிவதில்லை.

இளையவருக்குப் பதில் சுருக்கமானது. அவர் கவிதைகளில் அரக்கன் வராத பக்கம் இல்லை. ஒவ்வொன்றிலும் அவனை அடிக்கிறார், உதைக்கிறார், கடைசி வரியில் தலையைச் சீவுகிறார். அடுத்த கவிதையில் அவன் திரும்ப எழுந்து வந்துவிடுகிறான். இந்தக் கதையைச் சொல்லிவந்த கிழவிகளுக்கு இவருக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருந்தது. அவனை உடம்பில் அடித்துப் பிரயோஜனமில்லை, உயிர் எங்கோ தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தைத்தான் நான் நாற்பது சென்டிமீட்டரில் கட்டப் பார்த்தேன். இல்லாத மலை என்று அவர் சொன்னது சரிதான்.

கிளியைப் பற்றி இருவரும் கேட்கவில்லை. பார்க்காதவர்கள் எப்படிக் கேட்பார்கள்? இரண்டாயிரத்தில் ஒரு பங்கில் 30 செ.மீ. கிளி 0.15 மில்லிமீட்டர். அத்தனை தொலைவில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. கணக்கை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் மரம் இருக்கும், கிளி இருக்காது, கதையும் இருக்காது. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஊசி முனையில் பச்சை தொட்டு ஒரு புள்ளி வைத்தேன். அரை மில்லிமீட்டர் இருக்கும். அளவைப்படி பார்த்தால் அந்தக் கிளி ஒரு மீட்டர் நீளம். பெட்டியில் கணக்கை மீறியது அந்த ஒரு இடத்தில்தான். வித்தை என்று யாராவது குற்றம் சாட்டுவதானால் அதைச் சாட்டலாம், ஒப்புக்கொள்கிறேன்.

கவிஞர் மூடியைத் திறந்தபோது அவர் சட்டைக் கை பட்டு மூன்றாவது கடலோரத்தில் இரண்டு மரம் ஒடிந்துவிட்டது. ஒட்டிவிட்டேன். மூடிக்கு நாலு திருகாணி போட்டாயிற்று. அடுத்த கூட்டத்துக்கும் கொண்டுவருகிறேன். உள்ளே பல்பு போனால் என்ன செய்வது என்றுதான் இன்னும் யோசிக்கவில்லை.