'வரை' என்னும் சிறு சொல்



'விநாடிக்கு 500 மெகாபிட் வரை' என்று இணையச் சேவையாளர்கள் விளம்பரம் செய்கிறார்கள். இலக்கத்தைப் பனையளவில் அச்சிட்டு, 'வரை'யைத் தினையளவில் ஒளித்து வைக்கிறார்கள். மேல் எல்லையைச் சொல்லியாயிற்று. கீழ் எல்லை எங்கே? விளம்பரத்தில் அதற்கு இடமில்லை.

கணக்கைப் பார்ப்போம். நான்காம் ஆண்டு மாணவனே போட்டுவிடுவான். வீட்டிற்கு வரும் கண்ணாடியிழை நமக்கென்றே தனியாக வருவதன்று. பரவலாகப் புழங்கும் ஜிபான் முறையில், ஓர் இழையில் இறங்கும் ஏறத்தாழ 2,488 மெகாபிட்டை 32 வீடுகளுக்குப் பிரித்தளிப்பது வழக்கம். சமமாகப் பங்கிட்டால் வீட்டிற்கு 77 தான். அந்த 32 வீடுகளுக்கும் 500 என்று விற்றால் விற்பனையான அளவு 16,000! ஐம்பது இருக்கை கொண்ட பேருந்திற்கு முந்நூறுக்கு மேல் பயணச்சீட்டு விற்பதற்கு ஒப்பானது இது.

பகிர்வது குற்றமன்று. எல்லாரும் ஒரே வேளையில் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப்பாதை அமைத்தால் கட்டணம் நமக்குத் தாங்காது. எத்தனை பேரோடு பகிர்கிறோம், நெரிசல் வேளையில் எவ்வளவு எஞ்சும் என்பவற்றை மறைத்து விற்பதுதான் குற்றம்.

மார்ச் 18, 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பிள்ளைகளுக்கு வகுப்பு, பெற்றோருக்கு அலுவலகப் பணி, எல்லாம் வீட்டிற்குள் வந்தன. 'எல்லாரும் ஒருசேர வரமாட்டார்கள்' என்னும் வணிகக் கணக்கு அன்றே பொய்த்தது. என் வகுப்பில் வாய்பாடு ஒப்புவித்த சிறுமியின் குரல் ஏழாம் வரியில் அறுந்து, பத்தாம் வரியில்தான் மீண்டது. சேவை மையத்தை அழைத்த பெற்றோருக்குக் கிடைத்த மறுமொழி, "மோடத்தை அணைத்துப் போடுங்கள்." மாதக் கட்டணம் மட்டும் ஒரு காசும் அறுபடவில்லை. (தோட்டப்புறப் பிள்ளைகள் பலருக்கு இழையே கிடையாது, ஒற்றைக் கைப்பேசிக் கோபுரத்தை ஊரே பங்கிட்டுக்கொண்டது.)

இதற்கு மாற்றில்லை என்பார் உளர். இருக்கிறது. பிரிட்டனில் 2018 மே முதல், இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே குறைந்தது பாதி வாடிக்கையாளருக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் விளம்பரப்படுத்தலாம். ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையமோ 2017-இலேயே, மாலை 7 முதல் இரவு 11 வரையிலான நெரிசல் வேகத்தைச் சொல்லி விற்குமாறு நிறுவனங்களுக்கு வழிகாட்டிவிட்டது. அங்கெல்லாம் அதே இழைதான், அதே பகிர்வுதான்.

நம் நாட்டு அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்திற்கு, 2008-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, அரசாங்கம் 240 கோடி ரிங்கிட் வழங்கியது. அது நம் வரிப்பணம். ஆகவே, கேட்கும் உரிமை நமக்குண்டு.

பெற்றோர்களே, ஈராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: "இரவு ஒன்பது மணிக்கு எனக்கு எவ்வளவு கிடைக்கும்? எழுத்தில் தருவீர்களா?" அண்மையில் எங்கள் குடியிருப்புக்கு வந்த முகவரிடம் நான் கேட்டேன். சற்றும் தயங்காமல் விடையளித்தார்: "500 வரை, டீச்சர்."